டிராக்டர் டிரெயிலருக்கு ஏற்ற ஜாக்கியும் தாங்கியும்

சீர்காழிப் பகுதியில் தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை நடைபெறுங்கால், களத்திலிருந்து வீட்டுக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் நெல் மூட்டைகள் செல்வது பெரும்பாலும் டிராக்டர் டிரெயிலர்களிலேயாகும். முற்காலத்தில் காளைகளை அவிழ்த்தவுடன் வண்டியின் ஏர்க்காலுக்கு அடியில் ஒரு தாங்குகட்டையைக் கொடுத்து மட்டமாக நிறுத்துவது வழக்கம். அவ்வண்டியின் பாரம் ஏறக்குறைய ஒரு டன்னே. டிரெயிலரோ அதைப்போல் நான்கைந்து மடங்கு சுமக்கிறது. அப்படியிருந்தும் அதை நிறுத்தவும் தூக்கவும் கையில் அகப்பட்ட செங்கல்லையும் மரத்துண்டையுமே பலர் நம்பியிருக்கின்றனர். இதனால் விளையும் சேதம் அச்சோடும் டயரோடும் நிற்பதில்லை. அடியில் குனிந்து வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

மட்டமாக நிறுத்துவதன் அவசியம்

ஒரே அச்சும் இரு சக்கரங்களும் உள்ள டிரெயிலர் தராசைப் போன்றது. டிராக்டரிலிருந்து கழற்றிய பின் முன்பக்கத்து மூட்டைகளை முதலில் இறக்கினால், பின்பக்கத்துப் பாரம் மிகுந்து இழுவைச்சட்டம் திடீரென மேலெழும். அருகில் நிற்பவர் மீது அது மோதக்கூடும். ஆகையால் முன்னே ஒரு தாங்கியும் பின்னே ஒரு தாங்கியும் கொடுக்காமல் பாரத்துடன் டிரெயிலரைக் கழற்றுதல் கூடாது. டிரெயிலரின் மேல் ஆயில் எஞ்சினையோ பம்பையோ அமைத்து இயக்குவோருக்கும் மட்டம் இன்றியமையாதது. எஞ்சின் மிகவும் சாய்ந்து நின்றால் அதன் எண்ணெய் ஒருபுறமாக ஒதுங்கி, தேய்மானம் அதிகரிக்கும்.

பாரத்தைக் கணக்கிடும் விதம்

ஜாக்கி வாங்குமுன் அது தூக்க வேண்டிய எடையை அறிதல் வேண்டும். உதாரணமாக, 40 கிலோ கொண்ட நெல் மூட்டைகள் 100 ஏற்றினால் பாரம் 4,000 கிலோ. டிரெயிலரின் சொந்த எடை 1,500 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 5,500 கிலோ ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 550 கிலோ, இழுவைச்சட்டத்தின் மீது விழுகிறதென்று கொள்வோம். எஞ்சிய 4,950 கிலோவை இரு சக்கரங்களும் பகிர்ந்து கொள்ளும். ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 2,500 கிலோ வரும். டிரெயிலர் சற்றுச் சாய்ந்தாலும் மூட்டைகள் நகர்ந்தாலும் இவ்வளவு மாறும். ஆதலின் கணக்கில் வந்ததற்கு இருமடங்கு சக்தியுள்ள ஜாக்கியை, அதாவது 5 டன் ஜாக்கியைக் கொள்வதே உசிதம். இழுவைச்சட்டத்தின் கீழ்த் தாங்கி 1 டன்னுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

ஜாக்கி வகைகள்

திருகு ஜாக்கி: மரையுள்ள தண்டைச் சுழற்றப் பாரம் மேலெழும். மரையின் உராய்வே அதைக் கீழிறங்காமல் பிடித்துக்கொள்ளும். வேலை மெதுவாக நடைபெறும், கையுழைப்பும் மிகுதி. ஆயினும் பழுது குறைவு. மண் படாமல் துடைத்து, மரைக்கு கிரீஸ் இட்டு வந்தால் நெடுங்காலம் உழைக்கும். டிரெயிலரின் முன்தாங்கிக்கு இவ்வகையே மிகப் பொருத்தமானது.

ஹைட்ராலிக் ஜாக்கி: சிறு உருளையிலுள்ள எண்ணெயை அழுத்தினால், அவ்வழுத்தம் பெரிய உருளைக்குச் சென்று பெரும் பாரத்தைத் தூக்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் விளக்கிய தத்துவம் இதுவே. இதைக்கொண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-ஆம் ஆண்டு நீரழுத்த இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். ஒருவரே எளிதில் 5 டன் தூக்க இது உதவும். ஆனால் உள்ளிருக்கும் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பாரம் தானே இறங்கும். குப்பி வடிவான ஜாக்கியை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அதற்குரிய எண்ணெயன்றிப் பிரேக் எண்ணெயை ஊற்றலாகாது.

எவ்வகையாயினும், இறங்கிய நிலையில் அச்சுக்கு அடியில் நுழையக்கூடியதாகவும், ஏறிய நிலையில் சக்கரம் தரையை விட்டு எழும்பும் உயரமுள்ளதாகவும் பார்த்து வாங்குதல் வேண்டும்.

தாங்கிகள்

ஜாக்கி தூக்குவதற்கு, தாங்கி தாங்குவதற்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே விபத்துக்கு மூலம். ஜாக்கியால் தூக்கியவுடன் இரும்புத் தாங்கியை அச்சின் கீழ் வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கிய பின்னரே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மூன்று கால் தாங்கி மேடு பள்ளத்திலும் ஆடாமல் அமரும். அகன்ற நான்கு கால் தாங்கி எளிதில் சாயாது. உயரத்தை நிறுத்தும் ஆணி தடித்ததாயிருத்தல் வேண்டும். அதற்குப் பதிலாகக் கம்பியையோ போல்ட்டையோ செருகலாகாது. செங்கல் பாரத்தில் திடீரென நொறுங்குமாதலால் அது தாங்கியாகாது.

நம் மண்ணின் இயல்பு

டெல்டாவின் களிமண் ஈரத்தில் இளகிக் கோடையில் வெடிக்கும் தன்மையது. நல்ல ஜாக்கியும் இதன்மேல் தனித்து நில்லாது. கட்டைவிரலால் மிதமாக அழுத்தக் குழியும் களிமண், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ பாரமே தாங்கும். விரல் பல சென்டிமீட்டர் ஆழம் இறங்கினால் அதில் பாதிதான் தாங்கும். 12 சென்டிமீட்டர் சதுர அடிப்பாகமுள்ள ஜாக்கி 2,500 கிலோவைத் தூக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 17 கிலோவுக்கு மேல் மண்ணை அழுத்துகிறது. அது புதைவதில் வியப்பில்லை.

இதற்குப் பரிகாரம் அடிப்பலகையே. மேற்சொன்ன பாரத்துக்கு 50 சென்டிமீட்டர் நீளமும் அவ்வளவே அகலமும் தேவை. மிக இளகிய மண்ணானால் 70 சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். இரண்டு அங்குலக் கனமுள்ள பனம்பலகை அல்லது வேப்பம்பலகைகளை ஒன்றின் குறுக்கே ஒன்றாக இரண்டு அடுக்கில் ஆணியடித்து இதைச் செய்து கொள்ளலாம். மூட்டைகளை இறக்கிவிட்டால் ஒரு சக்கரத்துக்கு 675 கிலோவே வரும். 30 சென்டிமீட்டர் சதுரப் பலகையே போதுமானது. ஆகவே முதலில் பாரத்தை இறக்குவதே அறிவுடைமை. திருமுல்லைவாசல் முதலிய கடற்கரையோர மணற்பாங்கான இடங்களிலும் பலகை அவசியமே.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திரார். மழைக்குமுன் மட்டமாக நிறுத்திய டிரெயிலர் மழைக்குப் பின் அவ்வாறே இருக்குமென்று நம்பலாகாது. வாய்க்கால் கரையின் ஓரத்தில் ஜாக்கி வைத்தல் எக்காலத்திலும் தவிர்க்கத்தக்கது.

அனுசரிக்க வேண்டிய முறை

1. இயன்றவரை மேடான, இறுகிய தரையைத் தேர்ந்து, டிராக்டரை இணைத்தபடியே எஞ்சினை நிறுத்திப் பிரேக் இடுக.
2. தூக்காத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க.
3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துக.
4. பலகையின் நடுவில் ஜாக்கியை வைத்து, சிறிது தூக்கி நிறுத்திப் பலகை புதைகிறதா எனக் கவனித்த பின் மேலே தூக்குக.
5. தாங்கியையும் பலகையின் மேலேயே வைத்துப் பாரத்தை அதன்மேல் இறக்குக. ஜாக்கி மட்டும் தாங்கும் டிரெயிலரின் அடியில் ஒருவரும் நுழையலாகாது.
6. நிறுத்தி வைக்கும் டிரெயிலரை ரசமட்டத்தாலோ, நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயாலோ நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் பார்க்க. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றி முதலில் குறுக்கு மட்டத்தையும், பின்னர் முன்தாங்கியால் நீள மட்டத்தையும் சரிசெய்க.

ஒரு ஜாக்கி, இரண்டு தாங்கிகள், நான்கு முட்டுக்கட்டைகள், இரண்டு அடிப்பலகைகள் ஆகியவை ஒவ்வொரு டிரெயிலரோடும் செல்லுதல் நன்று. தனித்து வாங்க இயலாத சிறு விவசாயிகளுக்கு உதவும் பொருட்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும் கிராம அதிகாரிகளும் அறுவடைக் காலத்தில் பொதுக்களத்தில் ஒரு தொகுதியை வைத்திருக்க ஏற்பாடு செய்தல் பெரும் நன்மை பயக்கும். பலகைக்கு ஆகும் செலவு அற்பம். அது காப்பது மனித உயிர்.