மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளும் 30 சதவீதக் கழிவும்

புதுதில்லி: கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளையும் யூதத் தெருவையும் ஒட்டிய பழைய வீடுகளில், கீழே தாம் குடியிருந்துகொண்டு மாடி அறைகளை வாடகைக்கு விடுவோர் உண்டு. 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் கலைக் கண்காட்சிக் காலங்களில் நாள் கணக்கிலும் ஆள் கிடைக்கும். மாத வாடகையா, நாள் வாடகையா என்பது வீட்டுக்காரரின் விருப்பம். அந்தப் பணம் எந்தத் தலைப்பில் வரிக்கு உள்ளாகும் என்பதை முடிவு செய்வது தில்லி.

மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 ஜூலை 23-இல் தாக்கல் செய்த பட்ஜெட்டில் இது தொடர்பாக ஒரு திருத்தம் இடம்பெற்றது. குடியிருப்பு வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டு வீட்டு உரிமையாளர் பெறும் வருமானம் இனி வணிக வருமானம் ஆகாது. 'வீட்டுச் சொத்து வருமானம்' என்ற தலைப்பிலேயே கணக்கிடப்படும். வணிகக் கணக்கு எழுதிச் செலவுகளைக் கழித்து, வரியைக் குறைக்கிறார்கள் என்பது அரசு கூறிய காரணம்.

தலைப்பு மாறினால் என்ன ஆகும்? எடுத்துக்காட்டாக, மாதம் ரூ.20 ஆயிரம் வாடகை என்றால் ஆண்டுக்கு ரூ.2.40 லட்சம். மாநகராட்சிக்கு உரிமையாளர் செலுத்திய வரி ரூ.6 ஆயிரத்தைக் கழித்தால் எஞ்சுவது ரூ.2.34 லட்சம். இதில் 30 சதவீதம், அதாவது ரூ.70,200, நிலைக் கழிவு. மீதி ரூ.1,63,800 வருமானத்தில் சேரும். அந்த ஆண்டு கூரைக்கு ரூ.1.50 லட்சம் செலவிட்டிருந்தாலும் கணக்கு மாறாது. ஒரு ரூபாய்கூடச் செலவிடாவிட்டாலும் மாறாது.

கடற்காற்றும் பருவமழையும் அரிக்கும் வெட்டுக்கல் சுவருக்கும் ஓட்டுக் கூரைக்கும், கொச்சியின் புதிய அடுக்குமாடி வீட்டுக்கும் ஒரே 30 சதவீதம். 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வகுத்த இந்த அளவை, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் தொடவில்லை. பாரம்பரியத்தைக் காப்பது பற்றி மேடைகளில் பேசப்படும் அளவுக்கு வரிச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால் அதன் வட்டியைக் கழிக்கலாம். சேமிப்பை எடுத்து ஓடு மாற்றியவருக்கு எதுவும் இல்லை. வட்டியால் நட்டம் ஏற்பட்டால், பழைய வரி முறையில் ரூ.2 லட்சம் வரை சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் அதற்கும் வழியில்லை.

'ஹோம்ஸ்டே' நடத்துவோரின் நிலைதான் சிக்கலானது. அறையுடன் காலை உணவு, சலவை, துப்புரவு எல்லாம் சேர்ந்தே அங்கு கட்டணம். திருத்தத்தின் வாசகம் 'வாடகைக்கு விடுதல்' என்றே நிற்கிறது. இத்தகைய விருந்தோம்பலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இது வாடகை என்றால் சமையல் செலவையோ முன்பதிவு நிறுவனத்தின் கமிஷனையோ கழிக்க இயலாது. வணிகம் என்றால் கழிக்கலாம்.

சரக்கு-சேவை வரித் துறையின் பார்வையோ வேறு. ஒரு குடும்பம் குடியிருக்க விட்ட மாத வாடகைக்கு அந்த வரி இல்லை. நாள் கணக்கில் பயணிக்கு விட்டால், அது விடுதிச் சேவை. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான அறைக்கு 5 சதவீதம். ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத வீட்டுக்காரர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இணையவழி நிறுவனம் மூலம் வரும் முன்பதிவுக்கு அந்த நிறுவனமே வரியை வசூலித்துச் செலுத்தும்.

ஆக, ஒரே மாடி அறையை ஒரு துறை விடுதியாகப் பார்க்கிறது. மற்றொரு துறை அதை வீடாகவே பார்க்கக்கூடும்.