‘வேண்டாம், மேலே போயிடலாம்!’ - தவறுகளிலிருந்து விமானிகள் கற்ற பாடம்

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடை இழைகளால் நெய்து, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நாடாக்கள் ஓடும் இந்த வேலை ஒருவரால் ஆகாது. தறியில் நெசவாளி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்க ஒரு துணையாள் இருப்பார். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். மனைவியோ மகனோ தம்பியோ.

ஓர் இழை தப்பினால், சில சமயம் துணையாள் கண்ணில்தான் முதலில் படும். உடனே சொன்னால், அந்த இடம்வரை பிரித்து மறுபடி நெய்துவிடலாம். சொல்லத் தயங்கினாலோ, ‘எனக்குத் தெரியாதா?’ என்று நெசவாளி அலட்சியப்படுத்தினாலோ, தவறு துணியோடு சுருண்டு உள்ளே போய்விடும். பிறகு கடையில் சேலையை விரிக்கும்போதுதான் தெரியும்.

விமானத்தின் காக்பிட்டிலும் இதே கணக்குதான். அங்கேயும் இரண்டு பேர். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் கருவிகளைக் கண்காணித்து, கணக்குச் சரிபார்த்து, தவறு தெரிந்தால் சொல்ல வேண்டும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மீனம்பாக்கத்திலிருந்து கையசைத்துத் திரும்பும் குடும்பங்கள் காஞ்சிபுரத்திலும் ஏராளம். அந்தப் பிள்ளைகளின் உயிர், அந்த இருவர் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்தான் இருக்கிறது.

திருச்சியில் ஓர் இரவு

2018 அக்டோபர் 12. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், திருச்சியிலிருந்து துபாய்க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கிளம்பியது. பயணிகளும் ஊழியர்களுமாக 136 பேர். ரன்வேயில் வேகமெடுத்து ஓடும்போது தலைமை விமானியின் இருக்கைச் சாய்மானம் சட்டென்று பின்னால் சரிந்தது. சரிந்தபோது, என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலையும் அவர் அறியாமலே பின்னால் இழுத்துவிட்டார். விசை குறைந்தது. அவசரத்தில் விமானத்தைத் துணை விமானி கையில் கொடுத்தார். குறைந்த விசையை இருவருமே கவனிக்கவில்லை.

எழும்ப வேண்டிய இடத்தில் விமானம் எழும்பவில்லை. ரன்வே முடிவில் இருந்த ஆன்டெனாவில் மோதி, சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு ஒருவழியாக மேலேறியது. தரையிலிருந்து எச்சரிக்கை வந்தது. விமானிகள் கருவிகளைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே காட்டின. பயணத்தைத் தொடர்ந்தார்கள். அரபிக்கடலுக்கு மேலே போன பிறகுதான் விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டது. பத்திரமாகத் தரையிறங்கியதும் பார்த்தால், வயிற்றுப் பகுதியில் கிழிசல்! உள்ளே இருந்த பயணிகளில் பலருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

அந்த இரவு சொல்லும் பாடங்கள் இரண்டு. எதிர்பாராதது எது நடந்தாலும் முதலில் என்ஜின் விசையையும் வேகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, ‘ஏதோ இடித்திருக்கலாம்’ என்று சந்தேகம் வந்தால், கருவி சொல்வதை மட்டும் நம்பித் தொடரக் கூடாது. திரும்பிவிட வேண்டும்.

அதே திருச்சி, ஆறு ஆண்டுகள் கழித்து

2024 அக்டோபர் 11. அதே விமான நிலையம், அதே நிறுவனம். மாலை 5.40-க்கு 141 பயணிகளோடு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில், மேலேறிய சிறிது நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. சக்கரத்தையும் இறக்கையின் அசையும் பகுதிகளையும் இயக்க உதவும் திரவ அமைப்பு அது.

இந்த முறை விமானிகள் தொடரவில்லை. திரும்ப முடிவெடுத்தார்கள். ஆனால் உடனே இறங்க முடியாது. தொலைதூரப் பயணத்துக்கான எரிபொருள் முழுக்க இருக்கிறது. அந்த எடையோடு இறங்குவது ஆபத்து. சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றும் வசதி உண்டு. போயிங் 737-ல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தது விமானம்.

தமிழ்நாடே டி.வி. முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசையில் நின்றன. பார்த்தவர்களுக்கு அது திகில். உள்ளே இருந்த விமானிகளுக்கோ, பயிற்சியில் பலமுறை செய்த வேலை. செய்முறைப் பட்டியலை ஒருவர் வாசிக்க, மற்றவர் செய்ய, ஒவ்வொன்றாக முடித்தார்கள். இரவு எட்டே காலுக்குள் விமானம் பத்திரமாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

கேட்கப்படாத குரல்

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருவுக்கு வந்த விமானம் மலைமேல் இருக்கும் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் மட்டுமே பிழைத்தார்கள்.

விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் வந்துகொண்டிருந்ததைத் துணை விமானி கவனித்திருந்தார். ‘இறங்க வேண்டாம், மறுபடி மேலே போகலாம்’ என்ற பொருளில் மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் அலறியது. வழியில் நீண்ட நேரம் தூங்கி எழுந்திருந்த தலைமை விமானி, இறங்குவதிலேயே குறியாக இருந்தார். 8,000 அடிக்குச் சற்று அதிகமான ரன்வேயில் விமானம் தரை தொட்டது ஏறத்தாழ 5,200 அடி தாண்டி. மிச்சமிருந்த தூரம் போதவில்லை.

பெரியவர் சொன்னால் சின்னவர் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது மரியாதையாக இருக்கலாம். காக்பிட்டில் அது உயிரைக் கேட்கும். 1977-ல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ரன்வேயிலேயே மோதி 583 பேர் இறந்தபோதும், அனுபவசாலியான தலைமை விமானி கிளம்பிவிட்டார். உடனிருந்தவரின் சந்தேகம் எடுபடவில்லை. அதன் பிறகுதான் உலகம் முழுக்க விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சி பரவியது. இளையவர் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் கோபப்படாமல் கேட்கவும் பழக்கும் பயிற்சி அது.

கோ-அரவுண்ட் தோல்வி அல்ல

2024 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாள். சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் ஒன்று ரன்வேக்குச் சற்று மேலே காற்றில் தள்ளாடி, இறங்காமல் மீண்டும் மேலே சீறிய வீடியோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. ‘நூலிழையில் தப்பியது’ என்று பதறினோம்.

விமானிகள் அதை ‘கோ-அரவுண்ட்’ என்பார்கள். தரையை நெருங்கும்போது வேகமோ உயரமோ காற்றோ சரியில்லை என்றால், இறங்குவதைக் கைவிட்டு மேலே போய், சுற்றி வந்து மறுபடி முயல்வது. இருவரில் யார் சொன்னாலும் மேலே போக வேண்டும் என்பதே நல்ல நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி. ‘ஏன் போனாய்?’ என்று பிறகு தண்டிப்பதும் இல்லை. சுற்றி வரவும், வேறு ஊருக்குப் போகவும், அதற்கு மேலும் அரை மணி நேரம் பறக்கவும் எரிபொருள் வைத்துக்கொண்டுதான் ஜெட் விமானங்கள் கிளம்புகின்றன.

அடுத்த முறை உங்கள் விமானம் இறங்கப்போய் மேலே ஏறினால், பயப்படாதீர்கள். உள்ளே இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறார்கள் என்று அர்த்தம். மழையால் விமானம் வேறு ஊரில் இறங்கினால், ஊழியர்களிடம் சண்டை போடாதீர்கள். ‘எப்படியாவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும்’ என்ற அவசரம் பல விமானிகளைப் பலி வாங்கிய அவசரம்.

சொன்னால் அடி விழாது

தப்பிப் பிழைத்த தவறுகளை விமானிகள் மறைப்பதில்லை என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1976-ல் அமெரிக்காவில் நாசா ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. ‘நான் இன்று இந்தத் தவறு செய்தேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை’ என்று விமானிகள் எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு, மற்றவர்கள் படிக்க அந்த அனுபவத்தை வெளியிடுவார்கள். தண்டனை வழங்கும் துறை கையில் அது இல்லை என்பதால் நம்பி எழுதினார்கள். லட்சக்கணக்கான அனுபவங்கள் சேர்ந்தன. ஒருவர் செய்த பிழை, ஆயிரம் பேருக்குப் பாடமானது.

இதை நம் வீட்டுக்கும் கொண்டுவரலாம். மதிப்பெண் குறைந்த பிள்ளை மறைக்கிறதா? ‘சொன்னால் அடி விழும்’ என்ற பயம்தான் காரணம். தாத்தா மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டதைப் பேத்தி பார்க்கிறாள். ‘பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது’ என்று தயங்குகிறாள். சொல்லலாம் என்ற தைரியத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியது நாம்தான்.

கரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன் “அப்பா, இழை தப்பிடுச்சு” என்றால், தறியை நிறுத்திப் பார்ப்பவர்தான் நல்ல நெசவாளி. பிரிப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும். சேலை தப்பிக்கும்.