உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்தில் போலந்துக்காரர்கள்

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்நாட்டுத் தொழிலாளர்களுக்கு உடனே கதவைத் திறந்துவிட்ட பழைய உறுப்பு நாடுகள் மூன்றே: அயர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன்.

அயர்லாந்தில் அப்போது கட்டுமானத் தொழில் கொடிகட்டிப் பறந்தது, ஆள் பற்றாக்குறை. போலந்துக்காரர்கள் 2006 கணக்கெடுப்பில் 63,276 பேர். 2011இல் 1,22,585 பேர். இத்தனைக்கும் இடையில் 2008இல் பொருளாதாரமே சரிந்திருந்தது! வேலை போனதும் மூட்டை கட்டிவிடுவார்கள் என்ற கணிப்பு பொய்த்தது. பலர் திரும்பினார்கள், உண்மைதான். குடும்பத்தோடு வேரூன்றியவர்களும் ஏராளம்.

எதிர்ப்பே இல்லையா? இருந்தது. 'வேலை பறிபோகிறது' என்பதைவிட 'கூலி குறைகிறது' என்ற அச்சமே பெரிதாகப் பேசப்பட்டது. ஐரிஷ் ஃபெர்ரிஸ் கப்பல் நிறுவனம் உள்ளூர் ஊழியர்களுக்குப் பதிலாகக் குறைந்த கூலிக்குக் கிழக்கு ஐரோப்பியரை அமர்த்த முயன்றபோது, 2005 டிசம்பரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தெருவில் இறங்கினர். ஆனால் தொழிற்சங்கங்கள் குறிவைத்தது வந்தவர்களை அல்ல, மலிவுக் கூலியை. தலைமுறை தலைமுறையாகப் பிழைப்புக்குக் கடல் தாண்டிய ஐரிஷ்காரர்களுக்கு அந்த வித்தியாசம் புரிந்திருக்க வேண்டும்.

அயர்லாந்துப் பள்ளி இறுதித் தேர்வில் 2022 முதல் போலிஷ் மொழியும் முறையான ஒரு பாடம்.