பில் இல்லாத பேட்டரி புல்வெட்டி

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கமும் நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கமும் எழும் புது வீடுகளில் வாசலை ஒட்டிக் கொஞ்சம் புல்தரை போடுவது வழக்கமாகிவிட்டது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இதே கதைதான். புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, அதனால் பேட்டரியில் ஓடும் புல்வெட்டியை வாங்குகிறார்கள். வாங்குவது தவறில்லை. ஈரத் தரையில் வயரை இழுத்துக்கொண்டு போய், அந்த வயரையே வெட்டி மின்சாரம் தாக்கும் அபாயம் இதில் இல்லை. ஆனால் ஆறு மாதத்தில் பேட்டரி செத்துப்போய், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து நிற்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சீட்டின் தலையில் ‘எஸ்டிமேட்’ என்று இருக்கும். கடையின் ஜிஎஸ்டி எண் இருக்காது, தேதி இருக்காது, இயந்திரத்தின் வரிசை எண்ணும் இருக்காது. “பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் சார்” என்று கடைக்காரர் சொன்னாராம், இவரும் சரி என்றாராம். சில நூறு ரூபாய்க்காகத் தன் வழக்கின் முதல் ஆதாரத்தைத் தானே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

முதலில் எதை வாங்குவது என்பதைப் பார்ப்போம். உங்கள் புல்தரை இரண்டு சென்ட், அதாவது சுமார் 870 சதுர அடிக்குள் இருந்தால், மோட்டாரே இல்லாமல் கையால் தள்ளும் உருளை வெட்டியே போதும். அதைச் சொல்லும் கடைக்காரரை நான் இன்னும் காணவில்லை. கொல்லையில் கோரையும் கொடியும் முழங்கால் உயரம் மண்டிக் கிடக்கிறதென்றால் சக்கரம் வைத்த புல்வெட்டி உதவாது, தோளில் மாட்டும் பிரஷ் கட்டர்தான் வேண்டும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் அது திரும்ப வரும். ‘கோரையை ஒழிக்கும் மிஷின்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். நம் வண்டல் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சக்கரம் புதையும். ஈரப்புல் அடித்தட்டில் அப்பிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும். புல் வேகமாக வளரும் மாதங்களும் அவைதான் என்பதால், இயந்திரத்தின் உண்மையான சோதனை அடைமழைக் காலத்தில்தான். கடை வாசலின் காய்ந்த தரையில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது பேட்டரி. வோல்ட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால்தான் பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்பது தெரியும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் வெறும் 36 வாட்-மணி, அதாவது நாலில் ஒரு பங்கு. ஒரு கடையில் ‘18’, இன்னொரு கடையில் ‘20 மேக்ஸ்’ என்று எழுதியிருந்தால் இரண்டாவது பெரியது என்று எண்ண வேண்டாம். இரண்டுக்குள்ளும் வரிசையாக ஐந்து செல்கள்தான். முழு சார்ஜில் காட்டும் அளவை ஒருவர் போடுகிறார், சராசரி அளவை மற்றவர் போடுகிறார். இதையாவது மன்னிக்கலாம். விலை மலிவான பெட்டிகளில் ‘88விஎஃப்’, ‘128விஎஃப்’ என்று ஒட்டி வருகிறதே, அந்த எண்ணுக்கும் வோல்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கழற்றிப் பார்த்தால் அதே ஐந்து செல் வரிசைதான் இருக்கும். எண்ணின் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்தைக் கண்டாலே அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கருவிகளில் வரும் லித்தியம் பேட்டரிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் (பிஐஎஸ்) பதிவு கட்டாயம். பேட்டரியின் மேல் ‘ஐஎஸ் 16046’ என்ற தர எண்ணும், ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் பதிவு யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே, பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம். பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், எந்த நாட்டுப் பொருள், வாடிக்கையாளர் குறைகளுக்கான எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. இல்லையென்றால் புகார் கொடுக்க வேண்டிய இடம் உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் அமல்படுத்துபவர்கள் அவர்கள்தான். படி, தராசுக்கு முத்திரை வைப்பதில் காட்டும் அக்கறையை இந்த இறக்குமதிப் பெட்டிகளிடமும் அவர்கள் காட்டினால், பாதிச் சரக்கு கடைக்கே வராது.

பில்லில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், தேதி. இயந்திரத்தின் மாடலும் வரிசை எண்ணும். பேட்டரியின் வரிசை எண்ணும் சார்ஜரின் எண்ணும் தனித்தனியாக. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னால் கடையில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், எழுத வையுங்கள். காரணம், இயந்திரத்துக்கு ஒரு காலமும் பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த காலமுமாக வாரண்டி கொடுப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். கெட்டுப்போவது பெரும்பாலும் பேட்டரிதான். “இது நாங்கள் கொடுத்த பேட்டரியே இல்லை” என்று சொல்லிவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அன்றைக்கே வாங்குங்கள். பில் கொடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற பில்லில் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று அதே சட்டம் சொல்கிறது. மறுபடியும் சொல்கிறேன், எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது.

மானியம் என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. வீட்டுப் புல்தரை வெட்டிக்கு மானியம் கிடையாது. களையெடுக்கும் கருவி போன்ற பண்ணை இயந்திரங்களுக்கு விவசாயிகளுக்குத்தான் மானியம். அதற்கு உழவன் செயலி வழியாகவோ, வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ நிலப் பதிவு ஆவணங்களோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். “வாங்கிவிடுங்கள், மானியம் பின்னால் வரும்” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சார்ஜ் போடுவதில் நம் ஊரில் நடக்கும் அலட்சியம் கவலை தருகிறது. கீற்றுக் கொட்டகையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், படுக்கையறையில் இரவு முழுக்கச் செருகிவிட்டுத் தூங்குகிறார்கள். சித்திரை வெயிலில் வெட்டி முடித்ததும் கொதிக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடுகிறார்கள். அது ஆற வேண்டும். சிமென்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் போடவே போடாதீர்கள். உப்பிய பேட்டரியும் அப்படித்தான். அவற்றைக் குப்பை வண்டியில் போடுவதும் கூடாது. வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடித்தால் முதலில் கருகுவது தூய்மைப் பணியாளரின் கைதான். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கொண்டுபோய்க் கடையிலேயே கேளுங்கள். வாங்க மறுத்தால் எழுதிக் கேளுங்கள்.

இனி, இயந்திரம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்காதீர்கள். பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஏற்கெனவே திறந்த பெட்டியை வைத்து எதிர்த்தரப்பு சுலபமாகத் தப்பிக்கும். சர்வீஸ் சென்டரில் விட்டால் ஜாப் கார்டு இல்லாமல் விட்டு வராதீர்கள். “கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் வாங்க” என்று எத்தனை மாதம் இழுத்தாலும் அமைதியாகப் போய் வருகிறார்கள். புகார் செய்ய இரண்டு வருடம்தான் காலம், அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். ஆனால் அது சமரசத்துக்கான வழிதான், ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நிறுவனம் ஏதோ ஒரு பதில் அனுப்பியதும் ‘தீர்ந்தது’ என்று புகாரை மூடிவிட்டால், அதோடு எல்லாம் முடிந்ததாக நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, பில் எண், என்ன குறை, என்ன கேட்கிறீர்கள், 15 நாள் அவகாசம். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டதால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ப்பித்த சான்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே போடலாம். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. புகார் மனு, அதை உறுதிப்படுத்தும் பிரமாணப் பத்திரம், பில், வாரண்டி அட்டை, ஜாப் கார்டு, கடிதம், தபால் ரசீது, புகைப்படங்கள். எதிர்த்தரப்பு எத்தனை பேரோ அத்தனை நகல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். கடையையும் தயாரிப்பாளரையும் இறக்குமதியாளரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் விட்டவரைக் கைகாட்டுவார்.

கூலிக்குப் புல் வெட்டிப் பிழைப்பவர்கள் “நீ வியாபாரத்துக்கு வாங்கியவன், நுகர்வோர் இல்லை” என்று விரட்டப்படுவதைக் கேள்விப்படுகிறேன். அது தவறு. சுயதொழிலில் பிழைப்புக்காகத் தானே இயக்க வாங்கியவர் நுகர்வோர்தான். சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. கோவை பிஎஸ்ஜி தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றமும் இதை விரிவாக விளக்கியிருக்கிறது. மனுவின் இரண்டாவது பத்தியிலேயே “இது என் பிழைப்புக்காக நானே இயக்கும் கருவி” என்று எழுதிவிடுங்கள்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாளுக்கு மேல் கிடையாது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. தலைவர், உறுப்பினர் இடங்களை அரசுகள் நிரப்பாமல் போட்டு வைப்பதை 2021இல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டியிருந்தது. இந்த அலட்சியத்துக்கு மக்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இருந்தாலும் ஒரு வாய்தாவையும் தவறவிடாதீர்கள். நீங்கள் வராத நாளில் வழக்கே தள்ளுபடியாகலாம்.

ஆணை உங்கள் பக்கம் வந்தும் பணம் வராவிட்டால், நிறைவேற்றக் கோரி அதே ஆணையத்தில் மனுப் போடுங்கள். சட்டத்தின் 71ஆம் பிரிவின்படி அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். 72ஆம் பிரிவின்படி, ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ஆணைத் தேதியிலிருந்து எதிர்த்தரப்புக்கு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. அந்தக் கெடு முடியும் நாளைக் குறித்து வைத்து, அது கழிந்த மறுநாளே இந்த மனுவோடு போங்கள்.