கையெழுத்துப் போட்டால் பிரிந்துவிடலாமா?

அம்பிட்டியவில் ஒரே வீதியில் இரண்டு குடும்பங்கள், சண்டையில்லாமல் பேசிப் பிரிய முடிவெடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் தம்பதி கண்டியச் சிங்களவர். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிந்தவர்கள். அவர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. பரஸ்பர சம்மதம் அந்தச் சட்டத்தில் விவாகரத்துக்கான ஒரு காரணம். மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தால், அவர் விசாரித்து முடிவு செய்வார்.

அடுத்த வீட்டுத் தமிழ்த் தம்பதிக்கு அந்த வழி இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சம்மதத்தை ஒரு காரணமாகவே ஏற்பதில்லை. சோரம், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை ஆகியவற்றில் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இருவரும் கூடிப் பேசிப் போட்ட வழக்கு என்று தெரிந்தால் அது தள்ளுபடியாகலாம். அதனால் நடப்பது என்ன? ஒருவர் குற்றம் சாட்டுவார், மற்றவர் வாய் திறக்கமாட்டார். நேர்மையாகப் பிரிய நினைப்பவர்களைச் சட்டமே நாடகமாட வைக்கிறது. தீர்ப்பு கிடைத்தாலும் அது இறுதியாவதற்கு மூன்று மாதமாவது செல்லும்.

அப்படியானால் உடன்பாட்டுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. நிரந்தரத் தாபரிப்பு, வீடு, நகை, பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்பவற்றைச் சட்டத்தரணிகள் வழியாகப் பேசி, நீதிமன்றத்தில் பதியலாம். ஆனால் பிள்ளையின் நலனே முதன்மை என்பதால் பெற்றோர் பேசியதை நீதிபதி அப்படியே ஏற்க வேண்டியதில்லை. “செலவுக்குக் காசு கேட்கமாட்டேன்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போய்விடாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க தாபரிப்புச் சட்டம் எல்லா இனத்தவருக்கும் பொது; நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சமாதான நீதவான் முன்னிலையிலோ பொலிஸிலோ எழுதி வாங்கிய பிரிவுக் கடிதத்தை விவாகரத்து என்று நம்புவோர் உண்டு. அந்தக் கடிதம் திருமணத்தை முடிக்காது. அதை நம்பி மறுமணம் செய்தால், தண்டனைச் சட்டக்கோவையின்படி அது குற்றம்.

எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் உங்கள் விவாகச் சான்றிதழை எடுத்து, எந்தச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.