கல்வராயன் மலைக்கு போறீங்களா? படகு, அருவி, மலை ஊர்... இதை படிச்சிட்டு கிளம்புங்க!

கள்ளக்குறிச்சி:-

அலாஸ்காவிலும் நார்வேயிலும் பனிப்பாறைகளுக்கு நடுவே சொகுசு கப்பலில் போய், வழியில் உள்ள குட்டி குட்டி ஊர்களில் இறங்கி சுற்றி பார்ப்பதற்கு லட்சக்கணக்கில் பணம் கட்டி போகிறார்கள். நமக்கு அந்த கொடுப்பினை கிடையாது. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி விழுப்புரத்தில் இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆனபோதே மரக்காணம் கடற்கரை அந்த பக்கம் போய்விட்டது. கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனால் தண்ணி, மலை, ஒதுக்குப்புறமான ஊர், படகு இது நாலும் ஒரே நாளில் பார்க்கணும்னா கல்வராயன் மலை இருக்கிறது. செலவு பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும்தான்.

லீவு நாள் வந்தால் போதும், பைக்கிலும் வேனிலும் கூட்டம் கூட்டமாக கிளம்பி விடுகிறார்கள். ஆனால் எங்கே போகிறோம், எதில் ஜாக்கிரதையாக இருக்கணும்னு தெரிஞ்சு போகிறவர்கள் குறைவு.

கோமுகி அணை

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் வழியாக போனால் மலை அடிவாரத்தில் முதலில் வருவது கோமுகி அணை. இதன் மொத்த உயரம் 46 அடி. கொள்ளளவு 560 மில்லியன் கனஅடி. மலையில் பெய்கிற மழை கல்படை, பொட்டியம் போன்ற ஆறுகள் வழியாக இறங்கி இங்கே வந்து சேர்கிறது. இதில் இருந்து போகிற தண்ணீர் மணிமுக்தாற்றில் கலந்து, பிறகு வெள்ளாறாக மாறி பரங்கிப்பேட்டை அருகே கடலில் விழுகிறது. நமக்கு கடல் இல்லாவிட்டாலும் நம்ம தண்ணிக்கு கடல் இருக்கிறது!

அணையை தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பம். வளைவுகள் அதிகம். எதிரே மரவள்ளி கிழங்கு ஏற்றிய லாரி வரும். ஹாரன் அடிக்காமல் திரும்பாதீர்கள். வண்டிக்கு பெட்ரோலை கீழேயே போட்டுக்கொள்வது நல்லது. மேலே பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. வீட்டில் சொல்லிவிட்டு போங்க.

படகு சவாரி

கரியாலூரில் படகு குழாம், சிறுவர் பூங்கா உள்ளது. சின்ன ஏரிதான். ஆனால் சுற்றிலும் மலை, குளு குளு காற்று. குழந்தைகளுக்கு ரொம்ப பிடிக்கும்.

சின்ன ஏரிதானே, லைப் ஜாக்கெட் எதுக்கு என்று கழற்றி வைப்பவர்கள் உண்டு. 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் இரண்டு அடுக்கு சுற்றுலா படகு கவிழ்ந்து 45 பேர் பலியானார்கள். கரையில் காட்டு விலங்குகளை பார்த்த சந்தோஷத்தில் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடியதில் படகு சாய்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. புயலும் இல்லை, அலையும் இல்லை. 2023-ம் ஆண்டு மே மாதம் கேரள மாநிலம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதுதான் அதில் முக்கிய குற்றச்சாட்டு. எனவே படகில் எழுந்து நின்று போட்டோ எடுப்பது, ஆள் மாறி உட்காருவது எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அருவியில் குளிக்கும்போது...

பெரியார் நீர்வீழ்ச்சி வெள்ளிமலை போகிற வழியிலேயே இருப்பதால் கூட்டம் அங்கேதான் அதிகம். மேகம் நீர்வீழ்ச்சிக்கு காட்டுக்குள் நடக்க வேண்டும். பாறை வழுக்கும். கோடையில் போய் ஏமாந்து வருபவர்களும் இருக்கிறார்கள். மழைக்காலம்தான் அருவிக்கு அழகு. ஆபத்தும் அப்போதுதான்.

இதை கொஞ்சம் கவனமாக படிங்க. அருவி விழுகிற இடத்தில் வெயில் அடிக்கும். ஆனால் மேலே பல மைல் தள்ளி மழை கொட்டிக்கொண்டு இருக்கும். அந்த தண்ணி எல்லாம் ஓடைகளில் சேர்ந்து திடீரென்று ஒரே நேரத்தில் இறங்கும். வந்த பிறகு ஓடுவதற்கு நேரம் இருக்காது. ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே அடையாளம் தெரியும். தெளிவாக இருந்த தண்ணி செம்மண் கலராக மாறும். இலை, சருகு, குச்சி மிதந்து வரும். அருவி சத்தம் கூடும். இதில் ஒன்றை பார்த்தாலும் துண்டை கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடணும். 2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வெள்ளம் வரும்போது வனத்துறையினர் குளிக்க தடை போடுவது வழக்கம். அவர்களிடம் சண்டை போட்டு பயன் இல்லை, அவர்கள் சொல்வது நம்ம உயிருக்குத்தான்.

மலை ஊர்கள்

வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு என்று மலை மேல் உள்ள ஊர்களில் வசிப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். பெயரை கேட்டு கேரளா என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்கிற அர்த்தம். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று அவர்களே வழிவழியாக சொல்லும் கதை உண்டு. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் கூட இந்த மலை ஜாகீர்தார்கள் கையில்தான் இருந்தது. 1976-ல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே இங்கே தாமதமாக வந்ததற்கு இது ஒரு காரணம்.

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, மலைவாழ் மக்களின் நிலைமை குறித்து சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இவ்வளவு நடந்த பிறகும் சுற்றுலா வருகிற சிலர், "மலை சரக்கு கிடைக்குமா?" என்று ஊர்க்காரர்களிடம் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது விளையாட்டு. அங்கே இருப்பவர்களுக்கு போலீஸ் ரெய்டு, கேஸ், ஜெயில். காலி பாட்டிலை பாறையில் உடைத்துவிட்டு போவது இன்னொரு கொடுமை. மறுநாள் அந்த கண்ணாடி மேல் நடப்பது ஆடு மாடு ஓட்டி வருகிற பிள்ளைகள்.

அலாஸ்காவில் ஜூனோ என்று ஒரு ஊர். சுமார் 30 ஆயிரம் பேர்தான் ஜனத்தொகை. கப்பலில் வருபவர்களோ சீசனுக்கு 16 லட்சம் பேர். ஊர்க்காரர்கள் பொறுத்து பொறுத்து பார்த்து, ஒரு நாளைக்கு 5 பெரிய கப்பலுக்கு மேல் வரக்கூடாது என்று கப்பல் கம்பெனிகளோடு பேசி 2024-ல் அமலுக்கு கொண்டு வந்தார்கள். வெள்ளிமலைக்கு அந்த அளவு கூட்டம் வரவில்லைதான். ஆனால் குப்பை இப்பவே வருகிறது.

கீழே இருந்தே எல்லாவற்றையும் பார்சல் கட்டிக்கொண்டு போகாமல், மலை ஊர் கடையிலேயே டீ குடிங்க, சாப்பிடுங்க. சாமை, தினை, தேன், கடுக்காய், புளி கிடைக்கிற சீசனில் அவர்களிடம் நேரடியாக வாங்குங்க. விலையும் கட்டுப்படியாகும், காசும் அங்கேயே நிற்கும். குரங்குக்கு பிஸ்கட் போடாதீங்க. வீட்டு ஆட்களை கேட்காமல் போட்டோ எடுக்காதீங்க.

சாயங்காலம் 4 மணிக்கு எல்லாம் இறங்க ஆரம்பித்துவிடுவது நல்லது. இருட்டினால் பனி மூட்டத்தில் வளைவு தெரியாது. இறங்கி வரும்போது கோமுகி அணையில் ஷட்டர் திறந்திருந்தால் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வாங்க. ஆத்துக்குள் இறங்க வேண்டாம்.