சுவருக்கு அலுமினியச் சட்டையா? கொஞ்சம் பொறுங்கள்!

வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீடுகளில் குழித்தறிக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காற்று வறண்டால் பட்டு இழை அறுந்துபோகும். ஆனால், தரையின் ஓதம் சுவரில் ஏறினால் சுண்ணாம்பு உதிர்ந்து உப்புப் பூக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்!

"அலுமினிய ஷீட் அடிச்சுட்டா மறைஞ்சுடுமே!" என்கிறீர்களா?

அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிக்காது, கரையான் தொடாது, துடைத்தால் பளிச்! எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் ஓதம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையே அரிக்கும். குழந்தைகளுக்கு இருமல், இழுப்பு வரலாம். பக்கத்து பீரோவில் உள்ள முகூர்த்தப் பட்டில் புள்ளி விழும்.

"வெயிலாவது தாக்காதே?" பளபளப்பான தகடு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், ஆனால் அதற்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். சுவரோடு ஒட்டிவிட்டால் பயனில்லை. அலுமினியம் செங்கல்லைவிட நூறு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

ஏ.ஸி. அறையா? 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தகட்டில் பட்டால் தண்ணீராக அரும்பும்.

கடைகளில் கிடைக்கும் ஏ.ஸி.பி. ஷீட்டில் இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பெரும்பாலும் பிளாஸ்டிக் இருக்கும். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடத்தில் 72 உயிர்களைப் பலிகொண்ட தீ, வெளிச்சுவரில் பதித்த இத்தகைய ஷீட் வழியாகத்தான் பரவியது. அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்!

முதலில் ஒரு சோதனை. சப்பாத்தி மடிக்கும் அலுமினியத் தாளில் ஓர் அடிச் சதுரம் வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நனைந்திருந்தால் சுவரில் ஓதம்: குழாய்க் கசிவையும் மொட்டைமாடித் தண்ணீர் போகும் வழியையும் சரிபாருங்கள். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம்: ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகும் ஷீட்தான் வேண்டுமென்றால், ரீப்பர் அடித்து ஓர் அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். மேலும் கீழும் காற்றுப் போக வழியும், எவர்சில்வர் ஸ்குருவும் அவசியம்.

இல்லையா? பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடியுங்கள். சுவர் மூச்சுவிடும், பூஞ்சணம் அண்டத் தயங்கும், செலவும் சொற்பம்!